ஒரே நாளில் ஐந்து ஒயினரி போய்வர முடியுமா?

நீலவண்டி எழுதியது:
எல்லோருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை நாங்கள் ஆறு பேர் ஒயினரிகளை, அதாவது ஒயின் செய்யும் இடங்களைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம். நான், மனைவி, அண்ணன், அண்ணி, அப்புறம் இரண்டு நண்பர்கள். வரைபடத்தில் ஐந்து ஒயினரிகள் தெரிகின்றன, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது. காலை பத்து மணிக்குத் தொடங்கினால் மாலை ஐந்துக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். எங்களில் ஒருவர்கூட ஒயினை ருசி பார்க்கும் டேஸ்டிங் போனதில்லை.

மூன்று சந்தேகங்கள். ஐந்து என்பது அதிகமா? அண்ணி மது தொடவே மாட்டார், அவரை அழைத்துப்போய் ஓரமாக உட்காரவைப்பது நன்றாக இருக்குமா? டேஸ்டிங்கில் ஒயினைத் துப்புவார்களாமே, ஊற்றிக் கொடுத்தவர் கண்முன்னே துப்பினால் அவர் மனம் நோகாதா?

கணக்கர் எழுதியது:
முதல் கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லிவிடும். ஒரு டேஸ்டிங்கில் ஆறு வகை ஊற்றுகிறார்கள், ஒவ்வொன்றும் 30 மில்லி என்று வைத்துக்கொள்வோம். ஓர் இடத்துக்கு 180 மில்லி. ஐந்து இடத்துக்கு 900 மில்லி. ஒரு புட்டியே 750 மில்லிதான். 13.5 சதவீத ஒயினாக இருந்தால் தலைக்கு ஏறத்தாழ 96 கிராம் ஆல்கஹால் உள்ளே போகும். உடம்பு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். அதாவது மாலை ஐந்து மணிக்கு முடித்தாலும் அதன்பின் பல மணி நேரம் ரத்தத்தில் மிச்சம் இருக்கும். காபி குடித்தாலும் முகம் கழுவினாலும் அந்த வேகம் கூடாது.

"சின்னச் சின்ன ஊற்றல்தானே" என்று தோன்றும். அதனால்தான் கூட்டிப் பார்க்கச் சொல்கிறேன். வண்டி ஓட்டுபவர் யார் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். துப்பினாலும் வாயின் உட்புறம் வழியாகக் கொஞ்சம் ஏறும், அப்படியே கொஞ்சம் தொண்டைக்குள்ளும் இறங்கிவிடும். அதனால் ஓட்டுபவர் துப்பிச் சமாளிக்கலாம் என்று இறங்கவே கூடாது. அவர் முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும், இல்லையென்றால் ஓட்டுநரோடு ஒரு வேன் எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது இல்லை என்று சொல்லிவிட்டது. போக வேண்டாம் என்று தடுக்கவில்லை. எவ்வளவு என்று தெரிந்து போங்கள்.

கொடிப்பந்தல் எழுதியது:
நான் இரண்டு அறுவடைக் காலம் ஒயினரியில் வேலை செய்திருக்கிறேன். திராட்சை பறித்தேன், தொட்டி கழுவினேன், பேரல் நிரப்பினேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன் நண்பரே: இரண்டு போதும். மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்றால் அதைப் பட்டியலில் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், தெம்பு இருந்தால் போகலாம்.

ஐந்து இடம் போனால் ஐந்து கவுண்டரைத்தான் பார்ப்பீர்கள். மூன்றாவது இடத்துக்குள் நாக்கு மரத்துவிடும். ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் இருந்தால் கொடியிலிருந்து கிளாஸ் வரைக்கும் முழுக்கதையும் கிடைக்கும். முன்பதிவு செய்யும்போதே "தோட்டமும் நிலவறையும் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். கேட்காதவர்களை நேராக டேஸ்டிங் அறைக்குத்தான் அழைத்துப்போவார்கள். கேட்டால் பல இடங்களில் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள்.

தோட்டத்தில் பழம் இருக்கும் பருவம் என்றால், அனுமதி கேட்டு ஒரு கருந்திராட்சையை நசுக்கிப் பாருங்கள். சாறு கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் இருக்கும். சிவப்பெல்லாம் தோலில்தான். ரெட் ஒயினைத் தோலோடு சேர்த்து நொதிக்கவைப்பார்கள், அதனால் நிறமும் துவர்ப்பும் சாற்றில் இறங்கும். ஒயிட் ஒயினுக்கு முதலிலேயே பிழிந்து தோலை ஒதுக்கிவிடுவார்கள். பினோ நுவார் என்ற கருந்திராட்சையிலிருந்து வெள்ளை ஷாம்பெயின் வருவது இப்படித்தான். பழத்துக்குள்ளிருக்கும் விதையையும் பாருங்கள். பச்சையாக இருந்தால் இன்னும் பழுக்கவில்லை. பழுப்பாகிக் கடித்தால் நொறுங்கினால் அறுவடை நெருங்கிவிட்டது. இயந்திரம் வைத்துச் சர்க்கரை அளந்தாலும், என்னோடு வேலை செய்த பெரியவர்கள் விதையைக் கடித்துப் பார்க்காமல் பறிக்கச் சொன்னதில்லை.

நிலவறையில் பேரல்கள் அடுக்கியிருக்கும். பிரான்ஸின் போர்தோ பாணிப் பேரல் 225 லிட்டர் பிடிக்கும், அதாவது 300 புட்டி. மரம் மூச்சு விடுகிறது என்று சொல்வார்கள். தண்ணீரும் ஆல்கஹாலும் மரத்தின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகும், உள்ளே காலி இடம் உண்டாகும். அங்கே காற்று தங்கினால் வினிகர் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். அதனால் மூடியைத் திறந்து அதே ஒயினை விளிம்பு வரை ஊற்றி மறுபடி அடைக்க வேண்டும். இரண்டு காலமும் நான் அதிகம் செய்த வேலை இதுதான். வரிசையாக நின்று, டார்ச் அடித்து, ஒயின் மட்டம் மூடியைத் தொடுகிறதா என்று ஒவ்வொரு பேரலாகப் பார்ப்போம். ஒரு பேரலைத் தவறவிட்டால் முந்நூறு புட்டி போச்சு.

ஒன்று முக்கியம். நொதித்தல் நடக்கும் அறைக்குள் அழைத்துப்போனால் வழிகாட்டி சொல்லும் இடத்தைத் தாண்டாதீர்கள், தொட்டிக்குள் தலையை நீட்டாதீர்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலோடு கார்பன் டை ஆக்சைடையும் வெளிவிடும். அது காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. மயங்கி விழுந்து இறந்தவர்கள் உண்டு.

துப்புவது பற்றி: ஒயின் செய்பவர்கள் நாள் முழுக்கத் துப்பிக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். மேசையில் வாளி வைப்பதே அதற்காகத்தான். என் முதலாளி, துப்பிவிட்டு ஒரு கேள்வி கேட்பவரைக் கண்டால் அடுத்த புட்டியை அவரே எடுத்து வருவார். வீட்டில் தண்ணீரை வைத்து இரண்டு முறை பழகிவிட்டுப் போங்கள், தயக்கம் போய்விடும்.

செவ்வந்தி எழுதியது:
உங்கள் அண்ணியைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். ஓரமாக மட்டும் உட்காரவைக்காதீர்கள், அவருக்கும் ஒரு கிளாஸ் கேளுங்கள். நான் கர்ப்பமாக இருந்தபோது இப்படித்தான் போனேன். ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை, கூட வந்த எல்லோரையும்விட அதிகமாக ரசித்துவிட்டு வந்தேன்.

நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, கசப்பு மாதிரி சில சுவைகள்தான். பழம், பூ, புகை, மண் என்று நாம் சொல்வதெல்லாம் மூக்கின் வேலை. விழுங்கும்போதும் வாயின் பின்புறம் வழியாக மணம் மூக்குக்கு ஏறுகிறது. சளி பிடித்தால் எல்லாமே சப்பென்று ஆவது இதனால்தான். ஆகவே முகர்ந்து மட்டும் பார்ப்பவருக்கும் பெரும்பங்கு கிடைத்துவிடுகிறது.

எப்படி முகர்வது என்று சொல்கிறேன். கிளாஸை அசைக்காமல் ஒரு முறை முகருங்கள். அப்புறம் மேசையிலேயே வைத்து மெல்லச் சுழற்றிவிட்டு மறுபடி முகருங்கள். இரண்டாவது முறை வேறு மணம் எழும். அரை நிமிடம் விட்டு மூன்றாவது முறை. நீளமாக இழுக்க வேண்டாம், நாய்க்குட்டி மோப்பம் பிடிப்பது போலக் குட்டி குட்டியாக. அன்றைக்கு ஒருவரும் சென்ட் போடக் கூடாது. உங்கள் ஒருவர் சென்ட் அந்த அறையிலிருக்கும் அத்தனை பேரின் கிளாஸையும் கெடுத்துவிடும்.

ரெட் ஒயின் ஈறுகளை இறுக்கிப் பிடிக்குமே, அதற்கு நம்மிடம் துவர்ப்பு என்று அருமையான சொல் இருக்கிறது. அறுசுவையில் ஒன்றாக வைத்திருக்கிறோம். இந்தத் துவர்ப்பைத் தரும் பொருளுக்கான டேனின் என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடிப் போகவே வேண்டாம். மாதுளைத் தோலின் துவர்ப்பா, நாவற்பழத்தின் துவர்ப்பா, பால் ஊற்றாத கடும் தேநீரின் துவர்ப்பா என்று கேட்டுப் பாருங்கள். மூன்றும் வேறு வேறு என்று நாக்குக்கு உடனே தெரியும்.

தனிவழி எழுதியது:
மன்னிக்கவும், எனக்கு இந்த வாசனைப் பேச்சில் நம்பிக்கை இல்லை. செர்ரி, புகையிலை, பதனிட்ட தோல், ஈரக்கல் என்று அடுக்குவதெல்லாம் ஒருவர் சொன்னதும் மற்றவருக்குத் தோன்றுவதுதான். 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் ஒரே ஒயிட் ஒயினை, வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து ரெட் ஒயின் போலக் கொடுத்தார்கள். அவர்கள் அதை ரெட் ஒயினுக்கு உரிய சொற்களால் வர்ணித்தார்கள். படித்தவர்கள் நிலையே இப்படி என்றால் நீலவண்டி குடும்பத்தினர் எதை நம்புவது? அவர்களுக்குப் பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா என்பது போதும். சொற்களைத் திணித்து அவர்களைப் பயமுறுத்த வேண்டாம்.

செவ்வந்தி எழுதியது:
தனிவழி, அந்த ஆய்வு உண்மைதான், நானும் அதை மதிக்கிறேன். ஆனால் அது காட்டுவது வேறு. மோரோ, புரோஷே, டுபூர்தியூ மூவரும் எழுதிய கட்டுரை அது. கண் முந்திக்கொண்டால் மூக்கு அதன் பின்னால் போகும் என்பதுதான் அதில் வெளிப்பட்டது. மூக்குக்கு ஒன்றுமே தெரியாது என்று ஆகிவிடாது. கண்ணை மூடிக்கொண்டு முகருங்கள் என்றுதான் நான் அதிலிருந்து கற்றேன்.

சொற்கள் பயமுறுத்தக் கூடாது என்பதை முழுக்க ஏற்கிறேன். ஆன் நோபல் என்ற பேராசிரியை கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 1984இல் மணப் பெயர்களை வட்டமாக அடுக்கிய ஒயின் மணச் சக்கரத்தை உருவாக்கியதும் இதே கவலையில்தான். "நேர்த்தியானது", "கம்பீரமானது" மாதிரிச் சொற்களை அவர் விலக்கினார். மிளகு, எலுமிச்சை, வெண்ணெய் மாதிரி எடுத்து முகர்ந்து பார்க்கக்கூடிய பொருட்களின் பெயர்களை மட்டும் வைத்தார். வெண்ணெய் என்று சொன்னால் அதற்குக் காரணமும் காட்ட முடியும். பச்சை ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா லாக்டிக் அமிலமாக மாற்றும்போது டைஅசிட்டைல் என்ற பொருள் உண்டாகிறது, வெண்ணெயின் மணமும் அதனால்தான். அது உள்ளே இருக்கிறது, நாம் கற்பனை செய்வதில்லை.

மெல்லநடை எழுதியது:
இரண்டு பேரும் சொல்வதைச் சேர்த்து ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிடலாம். நாங்கள் எப்போதும் செய்வது இது: ஊற்றியதும் முதல் இரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது, லேபிளையும் படிக்கக் கூடாது. ஆளுக்கொரு தாளில் மூன்று சொல். அப்புறம் ஒன்றாகப் படிப்போம். ஒருவர் சொன்னதைக் கேட்டு மற்றவர் சொல்வது இதில் நடக்காது. ஆறு பேரில் மூன்று பேர் தனித்தனியாக எலுமிச்சை என்று எழுதியிருந்தால், அதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷமே தனி.

பெயர் தெரியாமல் சுவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1976 மே 24ஆம் தேதியைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஒயின் வணிகர், பிரெஞ்சு நடுவர்களிடம் பிரான்ஸின் பெயர்போன ஒயின்களையும் அப்போது அதிகம் அறியப்படாத கலிபோர்னியா ஒயின்களையும் லேபிளை மறைத்துக் கொடுத்தார். ஒயிட்டில் ஷாட்டோ மான்டெலீனா, ரெட்டில் ஸ்டாக்ஸ் லீப் வைன் செல்லர்ஸ். இரண்டு முதலிடமும் கலிபோர்னியாவுக்கே போயின.

இன்னொன்று. சுழற்றியபின் கிளாஸின் உள்பக்கம் கண்ணீர் போல வழியும் கோடுகளைக் காட்டி "பாருங்கள், எவ்வளவு தரமான ஒயின்" என்று யாராவது சொல்வார்கள். ஆல்கஹால் முதலில் ஆவியாவதால் பரப்பு இழுவிசை மாறி உண்டாகும் கோடுகள் அவை. ஜேம்ஸ் தாம்சன் என்ற பொறியாளர் 1855லேயே இதை விளக்கிவிட்டார். தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் பார்க்க அழகு, அதற்காகவே பார்க்கலாம்.

வெண்புறா எழுதியது:
வாங்கிய புட்டிகளை வண்டியில் விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குள் போகாதீர்கள். நாங்கள் வெயில் காலத்தில் நான்கு புட்டியைப் பின்பக்கம் வைத்துவிட்டு மூன்று மணி நேரம் கழித்து வந்தோம். இரண்டில் கார்க் விரலகலம் மேலே தள்ளிக்கொண்டு நின்றது, உறையின் ஓரத்தில் ஒயின் பிசுபிசுவென்று கசிந்திருந்தது. வீட்டுக்கு வந்து திறந்தால் வேகவைத்த பழ வாடை. ஐஸ் பெட்டி எடுத்துப் போங்கள், இல்லையென்றால் வாங்குவதைக் கடைசி இடத்துக்கு ஒத்திப்போடுங்கள்.

ஓர் ஆதங்கமும் உண்டு, பெயர் சொல்லவில்லை. ஓரிடத்தில் முன்பதிவு செய்து போயும் ஆறு கிளாஸையும் ஒரே நேரத்தில் ஊற்றி வைத்துவிட்டு, இருபது நிமிடத்தில் இடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். கேட்ட கேள்விக்குப் பதிலாக விலைப்பட்டியலைத் தள்ளினார்கள். எனக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை. அதனால் பதிவு செய்யும்போதே எவ்வளவு நேரம் தருவார்கள், ஒவ்வொன்றாக ஊற்றுவார்களா என்று கேட்டுவிடுங்கள்.

நீலவண்டி எழுதியது:
எல்லோருக்கும் நன்றி. ஐந்தை இரண்டாகக் குறைத்துவிட்டேன். ஓட்டுநரோடு வேனும் சொல்லியாகிவிட்டது. அண்ணனுக்குத்தான் மனசே இல்லை, "இரண்டுக்காகவா இவ்வளவு தூரம்?" என்கிறார். கொடிப்பந்தல் எழுதியதைப் படித்துக் காட்டினேன். பேரல் கதை வந்ததும் அமைதியாகிவிட்டார். எந்த வரிசையில் சுவைப்பது என்று மட்டும் யாராவது சொல்லுங்களேன்.

கொடிப்பந்தல் எழுதியது:
நுரைக்கும் ஒயின், ஒயிட், இளஞ்சிவப்பான ரோஸே, ரெட், கடைசியில் இனிப்பு ஒயின். லேசானதிலிருந்து கனமானதற்கு. இனிப்பை முதலில் வைத்தால் அடுத்து வரும் எல்லாமே வெறும் புளிப்பாகத் தெரியும். நடுநடுவே தண்ணீர் குடியுங்கள். வெறும் வயிற்றோடு மட்டும் போகவே வேண்டாம்.

நீலவண்டி எழுதியது:
போய்வந்துவிட்டோம். நேற்று இரவே எழுத உட்கார்ந்தேன், ஆனால் எல்லோரும் பேசிக்கொண்டே இருந்ததால் முடியவில்லை.

முதல் இடத்தில் இரண்டரை மணி நேரம் இருந்தோம். தோட்டத்தில் எங்களை நடத்திக் காட்டியவர் அங்கே ஒயின் செய்பவரே. கொடி நட்டு மூன்றாவது ஆண்டில்தான் சொல்லிக்கொள்ளும்படி பழம் வரும் என்றார். வரிசை முனையில் ரோஜா எதற்கு என்று என் மனைவி கேட்டார். சாம்பல் நோய் ரோஜாவில் முன்னதாகத் தெரியும், கொடிக்கு வருமுன் எச்சரிக்கை கிடைக்கும் என்று அந்தக் காலத்திலிருந்து வைக்கிறார்களாம். ஒரு பழத்தை நசுக்கிக் காட்டச் சொன்னேன். அண்ணன் உள்ளங்கையில் வெளிறிய சாறு ஓடியது. தோலைத் தேய்த்ததும் விரலெல்லாம் ஊதா. அந்தக் கறை இன்று காலைவரை போகவில்லை, அவர் கழுவவும் அவசரப்படவில்லை.

டேஸ்டிங் அறையில் மெல்லநடை சொன்னபடி தாளும் பேனாவும் எடுத்தோம். அண்ணிக்கும் கிளாஸ் கேட்டேன், முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள். நான்காவது ஒயின் ஒரு ரெட். எல்லோரும் ஏதோ பழப் பெயர் எழுதினோம். அண்ணி எழுதியது "மழையில் நனைந்த அட்டைப்பெட்டி". படித்ததும் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊற்றிக் கொடுத்தவர் மட்டும் சட்டென்று தன் கிளாஸில் கொஞ்சம் ஊற்றி முகர்ந்தார், இரண்டாவது முறையும் முகர்ந்தார். பிறகு புட்டியை மேசையிலிருந்து எடுத்துவிட்டு எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். கார்க் கெட்ட புட்டியாம். புதிதாக ஒன்றைத் திறந்து பழையதின் பக்கத்தில் வைத்து இரண்டையும் முகரச் சொன்னார். இரண்டாவதில் பழ வாசனை அப்படியே எழுந்து வந்தது. முதலாவதில் அதே ஒயின் போர்வைக்குள் இருப்பது போல மூடிக் கிடந்தது. இத்தனைக்கும் நாங்கள் ஐந்து பேர் அதைச் சுவைத்துவிட்டுத் தலையாட்டியிருந்தோம்.

இரண்டாவது இடத்தில் மண்ணில் புதைத்த பெரிய களிமண் தாழிகளில் நொதிக்கவைக்கிறார்கள். ஒயிட் திராட்சையையும் தோலோடு போடுவதால் ஒயின் தேன் நிறத்தில், துவர்ப்போடு இருந்தது. ஜார்ஜியா நாட்டில் கிவெவ்ரி என்ற தாழிகளில் இப்படிச் செய்கிறார்கள், 2013இல் யுனெஸ்கோ அந்த முறையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது என்று சொன்னார்கள். எனக்கு இது மிகவும் பிடித்தது. நண்பர்கள் இருவருக்கும் சுத்தமாகப் பிடிக்கவில்லை. தனிவழி, உங்கள் பேச்சும் அங்கே நினைவுக்கு வந்தது. பிடித்தது பிடிக்காதது என்பதைத் தயங்காமல் சொன்னோம். துப்பவும் செய்தோம், மூன்றாவது கிளாஸுக்குள் கூச்சம் போய்விட்டது.

தனிவழி எழுதியது:
உங்கள் அண்ணி எழுதியதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், லேபிள் பார்க்காமல், தானாகக் கண்டுபிடித்திருக்கிறார். நான் முன்பு சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். இரவல் சொல்தான் எனக்கு ஆகாது. நனைந்த அட்டைப்பெட்டி அவருடைய சொந்தச் சொல்.

செவ்வந்தி எழுதியது:
அந்த வாடைக்குக் காரணம் ட்ரைகுளோரோஅனிசோல், சுருக்கமாக டிசிஏ. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். அந்த அளவில் உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் பழ மணத்தை அமுக்கிவிடும். எவ்வளவு நேரம் காற்றாட வைத்தாலும் போகாது. அதைவிடக் குறைவாக இருந்தால் வாடையே தெரியாமல் ஒயின் சும்மா மங்கலாக இருக்கும், பலர் "இந்த ஒயின் இவ்வளவுதான் போல" என்று விட்டுவிடுவார்கள். உங்கள் அண்ணி அந்த ஒயினுக்கு நியாயம் செய்திருக்கிறார்.

நீலவண்டி எழுதியது:
அக்கா, நீங்கள் எழுதியதை அண்ணியிடம் அப்படியே படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார். கிளம்பும்போது அந்த ஒயின் செய்பவர், இலை உதிர்ந்தபின் கவாத்து நடக்கும், விருப்பமிருந்தால் வந்து பாருங்கள் என்று சொல்லியிருந்தார். அண்ணி இப்போதே தேதி கேட்கச் சொல்கிறார். கொடிப்பந்தல் அண்ணா, கவாத்துப் பார்க்கப் போவதென்றால் என்ன பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும்?

கொடிப்பந்தல் எழுதியது:
எத்தனை மொட்டு விட்டு வெட்டுகிறார் என்று எண்ணச் சொல்லுங்கள், ஏன் அத்தனை என்று கேட்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு பழம் எவ்வளவு என்பது பெரும்பாலும் அந்தக் கத்தரியில் முடிவாகிறது. வெட்டிய இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பனிக்காலம் முடியும் சமயமாக இருந்தால் அங்கிருந்து தண்ணீர் மாதிரித் தெளிவாகச் சொட்டும், கொடி விழித்துக்கொண்டது என்று அர்த்தம். மழைக்கோட்டும் நல்ல காலணியும் எடுத்துப் போங்கள், தோட்டம் அந்த மாதத்தில் சேறாக இருக்கும்.